பெயரற்ற கோப்பும் பிழைபட்ட கணக்கும்

கொடுத்ததை எழுதிவைத்துத் திரும்பப் பெற்றதை எழுத மறந்துவிடும் கணக்கேடு நமது மக்களுக்குப் புதியதொன்றன்று. விதைநெல்லுக்குக் கடன்பட்ட கமக்காரனும், முற்பணம் வாங்கிய தோட்டத் தொழிலாளியும் அந்த ஏட்டின் முன்னே தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவர்களே. அக்கணக்கின் பின்னால் ஒருவனுடைய பேராசை இருந்தது. ஆதலால் அதனை இனங்கண்டு வெறுப்பதும் எளிதாயிற்று. ஆனால், பேராசையோ வஞ்சகமோ சிறிதும் கலவாத இடத்திலும் இதே பிழை தோன்றக்கூடும். நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்ட விதியே அதற்குத் தாயாகவும் அமையக்கூடும். கணினியின் நினைவகத்திலே தற்காலிகக் கோப்புகள் வைக்கப்படும் முறையினை அறியப் புகுந்தபோதே இவ்வுண்மை நமக்குத் தெளிவாயிற்று.

தமிழ் கற்பிப்போருக்குக் கணினியின் உள்வீட்டு விவகாரம் எதற்கு எனச் சிலர் வினவலாம். பரீட்சைப் பெறுபேறும், உதவிப் பணமும், மின்கட்டணமும் இன்று இயந்திரக் கணக்கின் வழியாகவே மக்களை வந்தடைகின்றன. அவ்வியந்திரம் "இல்லை" என்று ஒரு சொற் சொன்னால், அச்சொல்லை எதிர்த்துப் பேச வழியறியாது மக்கள் திரும்பிப் போகின்றனர். ஒரு சொல்லுக்குப் பொருள் யாது, அப்பொருள் எவ்வாறு பிறந்தது என ஆராய்வதே எமது தொழில். ஆகவே இந்த "இல்லை"யின் பொருளையும் ஆராய்தல் நமக்கு உரிய பணியே எனலாம்.

கணினியிலே ஒரு செய்நிரல் இயங்கும்பொழுது இடைக்காலத் தேவைக்கெனச் சில கோப்புகளை ஆக்கிக்கொள்கின்றது. கட்டுரை எழுதுபவர் கிழிந்த தாளிலே குறிப்பெழுதி, வேலை முடிந்ததும் கசக்கி எறிவதை ஒத்தது இது. இத்தகைய கோப்புகளை வன்தட்டிலே எழுதுவதும் உடனே அழிப்பதும் வீண்வேலை. தட்டின் வேகமும் குறைவு. எனவே அவற்றை நினைவகத்திலேயே வைத்திருந்தாலென்ன என்ற எண்ணம் எழுந்தது. 1980களின் பிற்பகுதியிலே சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் இயக்க முறைமையில் ‘ரெம்ப்எவ்எஸ்’ என்னும் நினைவகக் கோப்பமைப்பு இடம்பெற்றது. 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 பதிப்பிலும் இதே பெயருடைய அமைப்பு அமைந்தது. லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஃபெடோரா தனது 18ஆம் பதிப்பில், 2013 ஜனவரியிலே, தற்காலிகக் கோப்புகளின் பொது இருப்பிடத்தை நினைவகத்துக்கு மாற்றியது. டெபியன் தனது 13ஆம் பதிப்பில், 2025 ஓகஸ்டிலே, அதே வழியைப் பின்பற்றியது.

நினைவகம் பெறுமதிமிக்க பண்டம். பலருக்குப் பொதுவான பண்டமுங்கூட. ஆதலால் இந்த அமைப்புக்கு இரண்டு எல்லைகள் விதிக்கப்பட்டுள்ளன. ஒன்று அளவு பற்றியது. வேறு கட்டளை இல்லாதவிடத்து, இயந்திரத்தின் மொத்த நினைவகத்திற் பாதிக்கு மேல் இது கொள்ளலாகாது. மற்றையது எண்ணிக்கை பற்றியது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ எனப்படும் ஓர் அகப்பதிவு உண்டு. கோப்பின் பருமன், உரிமையாளர், மாற்றப்பட்ட காலம் ஆகியன அதிலே இருக்கும். பெயர் மாத்திரம் அதில் இராது. பெயர் அடைவிலே தனியாக எழுதப்பட்டிருக்கும். நினைவகம் எத்தனை பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளதோ, அத்தொகையிற் பாதியே ஐநோட்டுகளின் வழக்கமான உச்சவரம்பு. 4,096 பைற்றுக் கொண்ட பக்கங்களாகப் பகுத்தால் 2 ஜிகாபைற்று நினைவகத்திலே 524,288 பக்கங்கள் அமையும். அவற்றிற் பாதி 262,144. இவ்விரண்டு எல்லைகளுள் எது தீர்ந்தாலும் இயந்திரம் கூறும் விடை ஒன்றே: "இடமில்லை."

பெயரும் பொருளும் வேறு வேறு என்பது இலக்கண மாணாக்கர் முதலிலே கற்கும் பாடம். கோப்பமைப்பிலும் அதுவே அடிப்படை. ஒரு கோப்பினை நாம் "அழிக்கின்றோம்" என்று சொல்லும்போது உண்மையிலே அழிவது அதன் பெயரே. அக்கோப்பினை வேறொரு செய்நிரல் திறந்து வைத்திருக்குமாயின், பெயர் மறைந்த பின்னரும் பொருள் எஞ்சி நிற்கும். கடைசியாகப் பற்றியிருப்பது கைவிடும்வரை அதற்குரிய நினைவகமும் விடுபடாது. இது குறைபாடன்று, யுனிக்ஸ் மரபு தொடக்கத்திலிருந்தே கைக்கொண்டுவரும் வழக்கம். ஆனால், இதனை அறியாதவர் கையிலே இவ்வழக்கம் எத்தகைய அநீதிக்கு இடமளிக்கும் என்பதை நாம் நேரிலே கண்டோம்.

நாம் கற்பிக்கும் பாடசாலையின் கணினி அறையிலுள்ள பழைய இயந்திரங்கள் சிலவற்றின் வன்தட்டுகள் பழுதடைந்துவிட்டன. புதியன வாங்கப் பணமில்லை. ஆதலால் பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி அவை இயக்கப்படுகின்றன. மாணவர் எழுதுவன யாவும் நினைவகத்திலேயே தங்குகின்றன. மின்சாரம் நின்றால் அத்தனையும் மறைந்துவிடும். வறுமை கற்பித்த வழி இது.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மம்மா பாடிய நாற்றுநடுகைப் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, அவ்வியந்திரங்களுள் ஒன்றிலே சீர்செய்துகொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் தன்னுடைய பென் ட்ரைவிலே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டாள். இயந்திரத்திலிருந்ததை அழித்துக் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினாள். அடுத்து வந்த மாணவன் இரண்டு பக்கக் கட்டுரையொன்றைச் சேமிக்க முயன்றபோது, இடமில்லை என்றது இயந்திரம். அறைக்குப் பொறுப்பாயிருந்தவர் அவளை அழைத்து விசாரித்தார்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன், சேர்" என்றாள் அவள்.

"மிஷின் பொய் சொல்லாது, பிள்ளை" என்பதே அவளுக்குக் கிடைத்த மறுமொழி.

ஒரு மாதத்துக்கு அவள் அவ்வறைக்குள் வரக்கூடாது எனத் தடைவிதிக்கப்பட்டது. இயந்திரம் நிறுத்தி மீண்டும் இயக்கப்பட்டது. இடமும் கிடைத்தது, கட்டுரையும் சேமிக்கப்பட்டது. இங்கே வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இயந்திரத்தை மீண்டும் இயக்கியதும் குற்றமெனக் கருதப்பட்டது மறைந்துபோயிற்று. அவள் குற்றமற்றவள் என்பதற்கான சான்றும் அதனுடனேயே மறைந்துபோயிற்று. எஞ்சியது தண்டனை மாத்திரமே.

சில நாட்களின் பின்னர், விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் இதனைக் கேள்வியுற்றார். கணினித் துறையிலே வேலைசெய்பவர் அவர். அதே இயந்திரத்திலே, அதே செய்நிரலைக் கொண்டு, அம்மாணவி செய்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன்னிலையிற் செய்துகாட்டினார். பிறகு இரண்டு கட்டளைகளை இட்டார். முதலாவது, அடைவுகளிலே பெயருள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுவது. அது மிகச் சிறிய தொகையையே காட்டியது. இரண்டாவது, கோப்பமைப்பின் பேரேட்டையே நேராகக் கேட்பது. அது முழுவதும் நிரம்பிவிட்டதெனக் காட்டியது. இரண்டும் மெய்யே கூறின. ஒலிப்பதிவுச் செய்நிரலின் சாளரம் மூடப்பட்ட பின்னரும் அதன் ஒரு கூறு மறைவிலே இயங்கிக்கொண்டிருந்தது. பெயரிழந்த கோப்பினை அதுவே பற்றியிருந்தது. அக்கூறினை நிறுத்தியதும் இடம் விடுபட்டது. மாணவி கூறியது உண்மை. இயந்திரம் கூறியதும் உண்மை. அவ்விரண்டையும் இணைத்து வாசிக்கத் தெரியாமையே பொய். தடை நீக்கப்பட்டது. ஆனால் அப்பிள்ளையிடம் எவரும் வருத்தம் தெரிவித்ததாக நாம் அறியோம்.

"இஞ்ச கணக்குப் பிழைக்கேல்ல சேர், வாசிச்ச விதம்தான் பிழை. கணக்கே பிழைச்ச இடமும் ஒண்டு இருக்கு" என்று கூறி, லினக்ஸின் மையக்கருவிலே நிகழ்ந்த ஒரு வரலாற்றை அவர் எமக்கு விளக்கினார். அவ்வரலாறு சிந்தனைக்குரியது.

ஒரு கோப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கலாம். ஏனைய கோப்பமைப்புகளிலே பெயர் எத்தனையாயினும் ஐநோட் ஒன்றே, கணக்கிலும் ஒன்றே. ஆனால் நினைவகக் கோப்பமைப்பிலே, மேலதிகமாகச் சூட்டப்படும் ஒவ்வொரு பெயரும் ஒரு தனி ஐநோட்டைப் போலவே எண்ணப்படும். இதற்குத் தக்க காரணம் உண்டு. ஒவ்வொரு பெயரும் நினைவகத்திலே சிறிது இடத்தைப் பிடிக்கின்றது. அப்பெயர் உள்ளளவும் அவ்விடத்தை மீட்க முடியாது. பெயர்களுக்குக் கணக்கில்லையெனில், ஒருவர் ஒரே கோப்புக்கு எண்ணற்ற பெயர்களைச் சூட்டிப் பொதுவான நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடலாம். எனவே விதி நியாயமானதே. பெயர் கூடினால் ஒன்று கூட்டு. பெயர் குறைந்தால் ஒன்று கழி. கோப்பே மறைந்தால் இறுதி ஒன்றையும் கழித்துவிடு. பற்றும் வரவும் ஒத்து நின்றன.

2013 செப்ரெம்பரிலே வெளிவந்த லினக்ஸ் 3.11 பதிப்பில் ஒரு புதிய வசதி சேர்க்கப்பட்டது. தற்காலிகக் கோப்பொன்றினைப் பெயரே இல்லாமல் ஆக்கிக்கொள்ளலாம். பெயரில்லாமையால் வேறெவரும் அதனை வழிமறித்து ஏமாற்ற இயலாது. செய்நிரல் இடையிலே இறந்தால் கோப்பும் தானாகவே மறையும். வேலை செவ்வனே நிறைவேறினால், விரும்பியபோது அதற்குப் பெயர் சூட்டிக்கொள்ளலாம். அரைகுறைக் கோப்பு பிறர் கண்ணிற் படாது. சிறந்த வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நினைவகக் கோப்பமைப்பின் பழைய கணக்குவிதி, பெயரின்றிப் பிறக்கும் கோப்பினை எதிர்பார்த்திருக்கவில்லை.

நடந்தது யாதெனில், பெயரற்ற கோப்பு பிறந்தபோது கணக்கிலே ஒன்று கூட்டப்பட்டது. பின்னர் அதற்கு முதற்பெயர் சூட்டப்பட்டபோது, அது ஏற்கெனவே பெயருள்ள கோப்புக்கு வந்த மேலதிகப் பெயரெனக் கருதப்பட்டு மேலும் ஒன்று கூட்டப்பட்டது. அக்கோப்பு அழிக்கப்பட்டபோதோ, இருந்தது ஒரே பெயராகையால், மேலதிகப் பெயருக்குரிய கழிப்பு நிகழவில்லை. கோப்பு மறைந்தமைக்கான ஒன்று மாத்திரமே கழிக்கப்பட்டது. கூட்டியது இரண்டு, கழித்தது ஒன்று. கோப்பு இல்லை, பெயரில்லை, பொருளில்லை. ஆயினும் கணக்கேட்டிலே ஓர் ஆள் நின்றுகொண்டேயிருந்தான்.

இதனை ஊர் வழக்கிலே விளக்கலாம். ஒரு கிராமத்தின் பங்கீட்டுப் பதிவேட்டைக் கற்பனை செய்வோம். குழந்தை பிறந்த அன்றே ஒரு தலை எழுதப்படுகின்றது. பெயர்சூட்டிய நாளிலே எழுதுவினைஞர் மீண்டும் ஒரு தலை எழுதுகின்றார். அக்குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது ஒரு தலை மாத்திரமே வெட்டப்படுகின்றது. இவ்வாறு ஆண்டுகள் சில கழிந்தால் பதிவேடு முழுவதும் இல்லாதோர் பெயரிலே நிரம்பிவிடும். அன்று சங்கக்கடை வாசலிலே உயிரோடு வந்து நிற்பவனுக்கு, "ஏட்டிலே இடமில்லை" என்ற விடையே கிடைக்கும். மூட்டைகள் உள்ளே அடுக்கியிருக்கும். பங்கு மட்டும் கிடையாது.

இப்பிழை எத்துணை விரைவாக உருவெடுக்கும் என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். முன்னர்க் கூறிய 2 ஜிகாபைற்று இயந்திரத்திலே ஒரு செய்நிரல் விநாடிக்கு ஒரு முறை பெயரற்ற கோப்பொன்றினை ஆக்கி, பெயர் சூட்டி, அழிக்கின்றது என்று கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். 262,144 என்ற உச்சவரம்பு மூன்று நாட்களிலே தீர்ந்துவிடும். நான்காம் நாளிலே, நினைவகம் பெரும்பாலும் வெறுமையாயிருந்தும், ஒரு புதிய கோப்பைத்தானும் ஆக்க முடியாது.

இத்தகைய பிழை ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் மையக்கருவிலே தங்கியிருந்தது. பலர் அதனை உணராமைக்குக் காரணம் உண்டு. மாலையிலே நிறுத்திக் காலையிலே மீண்டும் இயக்கப்படும் இயந்திரத்தில் கணக்கு நாள்தோறும் புதிதாகத் தொடங்கும். பிழை திரள அவகாசமில்லை. ஓய்வின்றி உழைக்கும் இயந்திரத்திலேயே அது துளித்துளியாகத் திரண்டு வந்து தடையாய் நிற்கும். அங்கும் இடமில்லை என்ற செய்தி வந்தால், பெரும்பாலோர் பார்ப்பது பைற்றுக் கணக்கையே. எண்ணிக்கைக் கணக்கைத் தனியே கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது. இடையறாது உழைப்பவனுக்கே புலப்படும் அநீதி, ஓய்வெடுத்து எழுவோனுக்கு இல்லாததாகவே தோன்றும். இது இயந்திரங்களுக்கு மாத்திரம் உரிய உண்மையன்று.

2019 பெப்ரவரியிலே, கிடைத்த முறைப்பாடொன்றின் வழியாகப் பிழை ஆராயப்பட்டு, மையக்கருவின் வல்லுநர்களான டாரிக் வொங், ஹியூ டிக்கின்ஸ் ஆகியோரின் பணியினாலே திருத்தப்பட்டது. திருத்தம் மிகச் சிறியது. பெயர் சூட்டும்பொழுது, கோப்புக்கு ஏற்கெனவே பெயர் உண்டோ எனப் பார். உண்டெனில் மாத்திரம் ஒன்று கூட்டு. அவ்வளவே. ஆனால் அத்திருத்தத்திலேயே மற்றொரு சிறு பிழை புகுந்தது. பெயரில்லாக் கோப்பாயின் விடையாக எதனைத் திருப்பித் தருவது என்பது எழுதப்படாமல் விடுபட்டிருந்தது. சில நாட்களுக்குள் அதுவும் சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது. 2019 மார்ச்சிலே லினக்ஸ் 5.0 வெளிவந்தபோது இரண்டு திருத்தங்களும் அதில் அடங்கியிருந்தன.

நினைவகக் கோப்பமைப்பின் கணக்குகளிலே கவனத்துக்குரிய இடங்கள் வேறும் உள. தற்காலிகமாகத் தேக்கிவைத்த தரவுகளையும், நினைவகக் கோப்புகளையும் இயந்திரத்தின் புள்ளிவிவரம் நெடுங்காலமாக ஒரே தலைப்பின்கீழ்க் காட்டிவருகின்றது. முன்னையவற்றை வேண்டியபோது எறிந்துவிடலாம். பின்னையவற்றை எறிய முடியாது, ஏனெனில் அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. இவ்விரண்டையும் கூட்டி "இவ்வளவும் கிடைக்கும்" என நம்பியோர் ஏமாந்தனர். ஆதலால் 2014இலே லினக்ஸ் 3.14 பதிப்பில், உண்மையிலே கிடைக்கக்கூடிய அளவு எனத் தனியானதொரு மதிப்பீடு சேர்க்கப்பட்டது.

நினைவகம் முற்றாகத் தீர்ந்தால் மையக்கரு ஏதோவொரு செய்நிரலைக் கொன்று இடம்பெற முயலும். ஆனால் நினைவகத்திலுள்ள பெயருடைய கோப்புகள் எச்செய்நிரலோடும் சாவதில்லை. கொல்லப்பட்டது கொல்லப்பட்டதே, இடமோ கிடைக்காது. ஒரே இயந்திரம் பல குழுவினருக்குப் பங்கிடப்படுமிடத்து, பொதுக்கோப்பின் ஒரு பக்கத்தை முதலிலே தொட்ட குழுவின் பற்றிலேயே அப்பக்கம் எழுதப்படும். பின்னர் அதனைப் பயன்படுத்தி நலம்பெறுவோர் பலராயினும் சுமை முதலிலே தொட்டவனுக்கே. மேலும், ஒவ்வொரு பயனருக்கும் இவ்வளவு என வரையறுக்கும் முறை இக்கோப்பமைப்புக்கு 2023 ஒக்ரோபரிலே, லினக்ஸ் 6.6 பதிப்பிலேதான் கிடைத்தது. அதுவரை, பொது இருப்பிடம் முழுவதையும் ஒருவரே நிரப்பினால், அவரைத் தனியே கட்டுப்படுத்தும் வரம்பு இவ்வமைப்பினுள் இருக்கவில்லை.

இவற்றைக் கூறுவது லினக்ஸைப் பழிப்பதற்கன்று. அதன் பெருமையே இங்குதான் வெளிப்படுகின்றது. பிழையைக் கண்டவர் முறையிடவும், பிறர் அதனை ஆராயவும், திருத்தத்தின் பிழையை மற்றொருவர் சுட்டிக்காட்டவும் இயன்றமைக்குக் காரணம், அம்மென்பொருளின் மூலநிரல் எவரும் வாசிக்கும்படி திறந்துகிடப்பதே. எந்த ஆண்டிலே, எந்த வரியிலே கணக்குத் தவறியது என்பது இன்றும் பொதுப் பதிவாக உள்ளது. ஏடு ஒரு முதலாளியின் இரும்புப்பெட்டியிலே இல்லை. சந்தியிலே விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது.

மூடிய ஏடு என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பிரித்தானியாவிலே ஃபுஜிற்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் அஞ்சலகக் கிளைகளிலே பயன்படுத்தப்பட்டது. அது காட்டிய பற்றாக்குறைகளை ஆதாரமாகக் கொண்டு, 1999 முதல் 2015 வரையிலான காலத்தில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் எடுக்காத பணத்தைத் தம் கைப்பணத்திலிருந்து செலுத்தினர். அம்மென்பொருளின் உள்ளே பார்த்துத் தமது நேர்மையை நிறுவ அவர்களுக்கு வழியிருக்கவில்லை. அதிலே பிழைகள் இருந்தன என்பதை உயர்நீதிமன்றம் 2019 டிசெம்பரிலே கூறியது. 2024இலே தனிச்சட்டம் இயற்றியே பெரும்பாலான குற்றத்தீர்ப்புகள் நீக்கப்பட்டன. ஓர் ஐநோட்டின் மிகைக்கணக்கு அதே 2019இலே சில வாரங்களிலே தீர்ந்தது. மனிதர் தலையிலே எழுதப்பட்ட மிகைக்கணக்குத் தீர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முன்னதன் ஏடு திறந்திருந்தது, பின்னதன் ஏடு மூடியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இயந்திரம் பொய் சொல்லாது என்பார் கூற்று ஒருவகையில் உண்மையே. இயந்திரத்துக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. கூட்டச் சொன்னவிடத்துக் கூட்டும். கழிக்கச் சொன்னவிடத்துக் கழிக்கும். கூட்டவும் கழிக்கவும் சொன்னவர் மனிதர். அவர்கள் விதி வகுத்த நாளிலே எதிர்பாராத ஒருவன், பெயரற்ற ஒருவன், பிற்காலத்திலே வாசலில் வந்து நிற்பான். அவனை முன்னிட்டு விதியை மீள நோக்காவிடில், நல்ல விதியே அவனுக்கு அநீதியாகிவிடும்.

ஆகவே நமது மாணவர்க்குக் கணினியை இயக்கக் கற்பித்தல் போதாது. அதன் கணக்கை வினவவும் கற்பித்தல் வேண்டும். என் பெயரில் எப்போது கூட்டினீர்கள், எப்போது கழிப்பீர்கள், அவ்விரண்டும் ஒக்கின்றனவா, அந்த ஏட்டை நான் பார்க்கலாமா என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை, ஒரு பிள்ளையின் சொல்லையும் ஓர் இயந்திரத்தின் சொல்லையும் நிறுக்கும் தராசிலே, பிள்ளையின் தட்டை இலேசானதென ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை.